மழைநாள் கணக்கு

ஒப்பிலானுக்கும் மாரியூருக்கும் நடுவே
சீமைக்கருவை தவிர எதுவும் நிற்காத நிலத்தைக்
கம்பெனி எடுத்த வருஷம்தான்
எங்களுக்குக் கொள்ளைக் கரி.

முந்நூறு ஏக்கர்.
வேரோடு பிடுங்க எந்திரம் வந்தது.
பிடுங்கியதை என்ன செய்வதென்று கம்பெனிக்குத் தெரியவில்லை,
எங்களுக்குத் தெரிந்தது.
பதினெட்டு மூட்டம் போட்டோம்.
மண் பூசி, மூச்சுவிட ஓட்டை வைத்து,
புகை வெள்ளையா நீலமா என்று
ஒன்பது ராத்திரி தூங்காமல் பார்த்துப் பார்த்து.
இருளாயிக்கு அந்தப் பணத்தில் ஒன்றரைப் பவுன்.
எனக்குக் கடன் அடைந்தது. அது பவுனைவிடக் கனம்.
சூரியனுக்கு இடம் ஒதுக்க
எத்தனை லாரி கரி வடக்கே போனதென்று
வாசலில் வைத்த போர்டில் எழுதவில்லை.

பிறகு எரிக்க ஒன்றும் இல்லை.
நிலமெல்லாம் கண்ணாடி,
பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசை.
நாற்பது பேருக்கு வேலை என்றார் ஜெயசீலன்,
சூப்பர்வைசர், பரமக்குடி ஐடிஐ.
தண்ணீர் தெளித்து இலையைத் துடைக்க வேண்டும்,
ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்து
வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.
சுட்ட கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிந்துவிடும் என்றார்.
சூட்டைப் பற்றி எங்களுக்கா என்றாள் இருளாயி.
அவர் சிரிக்கவில்லை.

பெருவிரல் வைக்கிற எந்திரம்தான்
என்னை ஒப்புக்கொள்ளவில்லை.
கரி அள்ளித் தேய்ந்த விரல்.
ரேகை இல்லாத ஆளுக்குச் சம்பளம் போட
கம்ப்யூட்டருக்கு மனசு வராது.
மூன்று மாதம் என் கூலி
நாகூர்கனியின் விரலில் ஏறி இறங்கியது.
ஒரு ரூபாய் குறைத்ததில்லை,
ஒரு டீ கேட்பான்.

கச்சான் வீசினால் மண்.
கொண்டல் வீசினால் உப்பு.
விடியற்காலம் கண்ணாடியைத் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால்
நான் நினைக்க வேண்டியது
கம்பெனியையா, கொண்டலையா?

மழை பெய்தால்
எங்கள் வேலையை மழையே பார்த்துவிடும்.
அன்றைக்குக் கூலி கிடையாது.
தண்ணியில்லாக் காடென்று
ஆபீசர்களைத் தண்டனைக்கு அனுப்புகிற சீமை இது.
இங்கே நின்றுகொண்டு
வேற ஊரு பாத்துப் போயேன் என்று
மேகத்தை வைதோம் நாற்பது பேர்.
போன ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் பெய்தது.
கண்மாய் நிறைந்தது என்று வெடி போட்டார்கள்.
இருளாயி குடை பிடித்துக்கொண்டு
சாயல்குடி அடகுக் கடைக்குப் போனாள்,
ஒன்றரைப் பவுனோடு.

தை பிறந்ததும் பெட்டியில் வந்து இறங்கியது துடைப்பம்.
தண்ணீர் வேண்டாம், பெருவிரல் வேண்டாம்,
வரிசை முழுக்கத் தானே ஊர்ந்து போகும்.
நாங்கள் துடைத்து வைத்த வெயிலில்தான் ஓடுகிறது அதுவும்.
நாற்பது பேர் ஆறு பேர் ஆனோம்.
பட்டியலை வாசித்த ஜெயசீலன் தலை நிமிரவில்லை,
அவர் தலையையும் யாரோ எங்கோ எண்ணிக்கொண்டிருக்கலாம்.

ஓரத்தில் உப்பு இறுகினால் துடைப்பம் நின்றுவிடும்.
தட்டிவிட்டு, தூக்கி அடுத்த வரிசையில் வைக்க
ஓர் ஆள் வேண்டும்.
அந்த ஆள் நான்.
மாதச் சம்பளம், மழை பெய்தாலும் உண்டு.
இருளாயி வாலிநோக்கம் உப்பளத்தில் வாருகிறாள்.
அங்கேயும் மழை வந்தால் வீட்டுக்குத்தான்.

நேற்று ராத்திரி கிழக்கே மின்னியது.
பெய்தால் எனக்கு நட்டமில்லை.
இருந்தும் வாய் தானாக
அந்தப் பழைய வசவை வைதது.
முழுசாக வைது முடிக்கும்வரை
நாலாம் வரிசைக் கடைசியில்
துடைப்பம் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு
காத்திருந்தது.